வேலந்தாவளம் ரோடு லாரி விபத்து: எந்த வக்கீலிடம் போவது, நஷ்டஈடு எப்படிக் கணக்காகும்?

கொழிஞ்சைத்தம்பி | ஜனவரி 9, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீடு கொழிஞ்சாம்பாறைப் பக்கம். அண்ணன் கள் இறக்குகிறவர், வயது 38. போன செப்டம்பர் 21 விடியற்காலை எக்ஸ்எல்லில் தோப்புக்குப் போய்க்கொண்டிருந்தார். வேலந்தாவளம் ரோட்டு வளைவில் எதிரே வந்த லாரி இவர் பக்கம் ஏறி வந்து இடித்துவிட்டது. லாரி பொள்ளாச்சிக்காரருடையது.

வலது காலில் முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது. கோயம்புத்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ராடு வைத்தார்கள். 19 நாள் படுக்கை. இப்போது ஊன்றுகோல் வைத்து நடக்கிறார், ஆனால் கணுக்கால் மடங்கவில்லை. எலும்பு முழுதாகக் கூடின பிறகு பார்த்தால் ஊனம் 20 சதவீதம் போல வரும் என்று டாக்டர் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாளே ஒருவர் ஆரஞ்சுப் பழக் கவரோடு வந்தார். யாரோ சொந்தக்காரர் என்றுதான் அண்ணி நினைத்தார். அவர் கையில் நாலைந்து வெற்றுத்தாளும் ஒரு வக்காலத்தும் இருந்தன. "கையெழுத்து மட்டும் போடுங்க, மத்ததெல்லாம் எங்க ஆபீஸ் பாத்துக்கும், வர்றதுல 25 சதவீதம் குடுத்தா போதும்" என்றார். நான் கீழே மருந்து வாங்கப் போயிருந்தேன். அண்ணி கையெழுத்துப் போடவில்லை. ஆதார் நகல் மட்டும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

இதற்கிடையில் லாரி ஓனர் பக்கத்திலிருந்து ஆள் வந்து, ஒன்றரை லட்சம் ரொக்கமாகத் தருகிறோம், ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி முடித்துக்கொள்ளலாம் என்கிறார்கள். வீட்டில் கடன் ஏறிக்கொண்டே போகிறது. அண்ணனுக்கு ஆறாவதும் மூன்றாவதும் படிக்கிற இரண்டு பெண் பிள்ளைகள். வாங்கிக்கொள்ளலாமா என்று அவரே கேட்க ஆரம்பித்துவிட்டார்.

கேஸ் பாலக்காட்டில் போடுவதா, கோயம்புத்தூரிலா? எந்த வக்கீலை நம்புவது? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

எலப்புள்ளி_ராணி | ஜனவரி 9, இரவு 10.05

தம்பி, அந்த ஒன்றரை லட்சத்துக்கு மட்டும் கையெழுத்துப் போட விடாதீர்கள். அண்ணனுக்கு இன்னும் ராடு எடுக்கிற ஆபரேஷன் இருக்கிறது. எங்கள் மாமனார் இப்படித்தான் வாங்கினார். ராடு எடுக்கிற செலவுக்கே பாதி போய்விட்டது.

கோர்ட்டுத்திண்ணை | ஜனவரி 10, காலை 6.15

நான் வக்கீல் இல்லை. பாலக்காட்டில் 26 வருடம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். ஆக்சிடெண்ட் கேஸ் கட்டுகள்தான் என் கையில் அதிகம் புழங்கியவை. தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் தேதியைப் பாருங்கள். 2022 ஏப்ரல் 1-ல் அமலுக்கு வந்த திருத்தப்படி, விபத்து நடந்து 6 மாதத்துக்குள் மனு போட வேண்டும். உங்களுக்கு அது மார்ச் 21-ஓடு முடிகிறது. இந்த விதியை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குகள் இருப்பது உண்மை. அதை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம்.

எங்கே போடுவது என்பது உங்கள் விருப்பம். விபத்து நடந்த இடம், நீங்கள் குடியிருக்கிற இடம், எதிர்த்தரப்பு இருக்கிற இடம், இந்த மூன்றில் எந்த டிரிபியூனலிலும் (விபத்து நஷ்டஈட்டு கோர்ட்) போடலாம் என்று மோட்டார் வாகனச் சட்டம் 166-வது பிரிவு சொல்கிறது. லாரி ஓனர் பொள்ளாச்சி என்பதால் அந்தப் பக்கமும் போடலாம். ஆனால் உங்கள் எஃப்.ஐ.ஆர்., மகஜர் (விபத்து இடத்தைப் பார்த்து போலீஸ் எழுதுவது), சார்ஜ் ஷீட் எல்லாம் மலையாளத்தில் இருக்கும். அந்தப் பக்கம் போனால் ஒவ்வொன்றையும் மொழிபெயர்க்க வேண்டும். விபத்தைப் பார்த்தவர்களும் இங்கேயேதான் இருக்கிறார்கள். சிகிச்சை கொடுத்த டாக்டர் மட்டும் கோயம்புத்தூர். என்னைக் கேட்டால் பாலக்காடு. சில பேர் அந்த கோர்ட்டில் அதிகம் கிடைக்கும், இந்த கோர்ட்டில் குறைவு என்பார்கள். அதற்காகத் தூரத்தில் போட்டுவிட்டு, ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஊன்றுகோலோடு பஸ் ஏறின ஆட்களை நான் பார்த்திருக்கிறேன்.

இந்த வாரமே செய்ய வேண்டியவை: ஸ்டேஷனில் எஃப்.ஐ.ஆர்., மகஜர், வண்டியைச் சோதித்த ஏ.எம்.வி.ஐ. (உதவி மோட்டார் வாகன ஆய்வாளர்) ரிப்போர்ட் நகல்களைக் கேளுங்கள். 2022 விதிகளின்படி போலீஸ் 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையும், 90 நாளில் விரிவான அறிக்கையும் டிரிபியூனலுக்குக் கொடுக்க வேண்டும். அது போய்விட்டதா என்றும் கேளுங்கள். லாரி நம்பரை எம்பரிவாஹன் ஆப்பில் போட்டால் இன்சூரன்ஸ் எந்தத் தேதி வரை இருக்கிறது என்று தெரியும். ஆஸ்பத்திரி பில், மருந்துச் சீட்டு, எக்ஸ்ரே ஒன்றையும் கீழே போடாதீர்கள். கார் வாடகை, கூட இருந்தவர் செலவு (இங்கே பைஸ்டாண்டர் செலவு என்பார்கள்), சத்துணவு, இதற்கெல்லாம் தனித்தனியே தொகை உண்டு. எலப்புள்ளி அம்மா சொன்ன ராடு எடுக்கிற செலவுக்கு டாக்டரிடம் இப்போதே எழுதி வாங்கினால் வருங்கால மருத்துவச் செலவு என்று சேர்க்கலாம்.

வக்கீல் விஷயம் தனியாக எழுதுகிறேன். வெயில் ஏறுமுன் வாய்க்காலில் தண்ணீர் திருப்ப வேண்டும்.

கோர்ட்டுத்திண்ணை | ஜனவரி 10, மதியம் 1.30

வந்துவிட்டேன். பழக் கவரோடு வந்தவரைப் பற்றி. ஆஸ்பத்திரிக்கு ஆள் அனுப்பி கேஸ் பிடிக்கக் கூடாது என்பது வக்கீல்களுக்கு பார் கவுன்சில் போட்டிருக்கிற விதி. கேஸில் வரும் தொகையில் பங்கு பேசுவதும் கூடாது. ஆகவே முதல் சந்திப்பிலேயே இரண்டு விதியை மீறின ஆபீஸ் அது.

நல்ல வக்கீலை எப்படிக் கண்டுபிடிப்பது? போர்டையும் ஆபீஸையும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். அவர் உங்களிடம் என்ன கேட்கிறார் என்று கவனியுங்கள். எத்தனை சதவீதம் ஊனம் என்று மட்டும் கேட்டுவிட்டு ஃபைலை மூடினால் எழுந்து வந்துவிடலாம். அண்ணன் என்ன வேலை செய்தார், அந்த வேலைக்குக் கால் எப்படித் தேவை, இப்போது எது முடியவில்லை என்று கேட்கிறவர்தான் உங்கள் வக்கீல்.

ஏன் என்றால், 2010-ல் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. டாக்டர் எழுதுகிற சதவீதம் உடம்பின் ஊனம். சம்பாத்தியத்தில் விழுந்த ஓட்டை எத்தனை என்பது வேறு கணக்கு. இடது கை போன ஒரு டிரைவருக்கோ தச்சருக்கோ பிழைப்பு முழுவதும் போகலாம். அதே கை போன அரசு ஆபீஸ் கிளார்க்குக்கு வேலையே போகாமல் இருக்கலாம். ஆகவே அந்த ஆள் முன்பு என்ன செய்தார், இனி எதைச் செய்ய முடியும் என்று டிரிபியூனல் பார்க்க வேண்டும்.

உங்கள் அண்ணன் விஷயத்துக்கு வருவோம். கணுக்கால் மடங்காதவர் தென்னை ஏற முடியுமா? ஒரு மரத்துக்கே காலையும் மாலையும் ஏற வேண்டிய தொழில். காகிதத்தில் 20 என்று இருக்கும். தொழிலில் அது எவ்வளவு என்று நிரூபிப்பதுதான் இந்த கேஸே.

கணக்கைப் போட்டே காட்டுகிறேன். மாத வருமானம் 15,000 என்று வைப்போம். 40 வயதுக்குக் கீழே, மாதச் சம்பள நிரந்தர வேலை இல்லாதவருக்கு வருங்கால உயர்வாக 40 சதவீதம் கூட்ட வேண்டும் என்பது 2017-ல் பிரணய் சேத்தி வழக்கில் வந்த தீர்ப்பு. இறந்தவர் கேஸில் சொன்னது. நிரந்தர ஊனத்துக்கும் இப்போது கொடுக்கிறார்கள். ஆக 21,000. வருடத்துக்கு 2,52,000. 36-லிருந்து 40 வயது வரை வருட வருமானத்தைப் பெருக்கும் எண் 15. இது 2009-ல் சரளா வர்மா வழக்கில் வந்த அட்டவணை. மொத்தம் 37,80,000.

இதில் 20 சதவீதம் என்றால் 7,56,000. தொழில் இழப்பு 60 சதவீதம் என்று நிரூபித்தால் 22,68,000. வருமானமும் வயதும் மாறவில்லை, கேட்ட கேள்விதான் மாறியது. இதற்கு மேல் மருத்துவச் செலவு, வேலைக்குப் போகாத மாதங்களின் கூலி, வலி வேதனைக்கான தொகை, மனுப் போட்ட நாளிலிருந்து வட்டி எல்லாம் தனி.

ஒன்றரை லட்சத்தை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கஞ்சிக்கோடு_வெல்டர் | ஜனவரி 10, இரவு 8.20

ஐயா சொன்ன கணக்கு சரி. ஆனால் சதவீத விஷயத்தில் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. எங்கள் அப்பாவை வாளையார் ஹைவேயில் கார் இடித்தபோது கையில் 500 ரூபாய் கூட இல்லை. ஒரு வக்கீல் கோர்ட் செலவு, டாக்டரைச் சாட்சிக்கு அழைக்கிற செலவு எல்லாம் அவரே போட்டார். முடிந்ததும் 20 சதவீதம் வாங்கினார். நாங்கள் சந்தோஷமாகத்தான் கொடுத்தோம். முன்பணம் கேட்டிருந்தால் கேஸே போட்டிருக்க மாட்டோம். விதி இருக்கலாம். கையில் காசு இல்லாதவனுக்கு வேறு என்ன வழி?

கோர்ட்டுத்திண்ணை | ஜனவரி 10, இரவு 9.10

வெல்டர் தம்பி, உங்கள் வக்கீல் நாணயமாக நடந்துகொண்டார். நல்லது. அப்படிப்பட்டவர்களை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் பங்கு பேசிவிட்டால், ஊன சதவீதத்துக்காக இன்னும் ஒரு வருடம் வாதாடுவதை விட அதாலத்தில் (சமரசம் பேசி முடிக்கிற லோக் அதாலத்) சீக்கிரம் முடிப்பதுதான் வக்கீலுக்கு லாபம். 8 லட்சத்தில் 20 சதவீதம் இந்த மாதமே வரும் என்றால், 22 லட்சத்துக்காகக் காத்திருக்க மனம் வராது. விதி சும்மா போடவில்லை.

காசு இல்லாதவருக்கு வழி இருக்கிறது. தாலுகா, மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்தில் இலவச வக்கீல் கிடைப்பார். பெண்கள், குழந்தைகள், எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளிகள் இவர்களுக்கு வருமான வரம்பே கிடையாது. மற்றவர்களுக்கு வருமானம் பார்ப்பார்கள். தனியாக வக்கீல் வைத்தாலும் ஃபீஸ் இவ்வளவு, இன்ன இன்ன கட்டத்தில் இவ்வளவு என்று பேசி எழுதி வாங்கலாம். ஒவ்வொரு தடவையும் ரசீது கேளுங்கள்.

கஞ்சிக்கோடு_வெல்டர் | ஜனவரி 10, இரவு 9.25

இலவச வக்கீல் எந்த அளவு இறங்கி வேலை செய்வார் என்பது ஆளைப் பொறுத்தது ஐயா. என் அனுபவத்தில் எங்கள் வக்கீல்தான் குடும்பத்தைக் காப்பாற்றினார். அதை மாற்றிச் சொல்ல முடியாது.

கம்பம்மெட்டு_அக்கா | ஜனவரி 11, மதியம் 3.45

இரண்டு நாளாக வாசித்துக்கொண்டு இருக்கிறேன். எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். அந்தத் தம்பியின் அண்ணிக்காக எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் 2014-ல் இறந்தார். கம்பத்திலிருந்து மெட்டு ஏறி வண்டன்மேடு பக்கம் ஏலத் தோட்டத்துக்கு ஜீப்பில் போகிற வேலை எங்களுக்கு. விடியலில் ஏறினால் இருட்டித்தான் இறங்குவோம். அன்றைக்கு எனக்குக் காய்ச்சல், நான் போகவில்லை. கொண்டை ஊசி வளைவில் ஜீப் கவிழ்ந்தது. சாப்பாட்டுத் தூக்கை மட்டும் யாரோ கொண்டுவந்து திண்ணையில் வைத்தார்கள். மூடி கழலாமல் அப்படியே இருந்தது. அதைத் திறக்க எனக்கு நான்கு நாள் ஆயிற்று.

காரியம் முடியுமுன் ஒரு ஆள் வந்தார். எல்லாக் காகிதத்திலும் கையெழுத்து வாங்கினார். பேங்குக்குக் கூட்டிப்போய் என் பெயரில் கணக்கு ஆரம்பித்தார். பாஸ்புக்கும் செக் புக்கும் அவரே வைத்துக்கொண்டார். செக் புக்கில் ஐந்து தாளில் வெறும் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். மூன்று வருடம் கழித்து அதாலத் என்று கூப்பிட்டார்கள். தொகையைச் சொன்னார்கள், தலையாட்டினேன். வீட்டுக்கு வந்தபோது கையில் அதில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் இருந்தது. கேட்டதற்கு செலவு, ஃபீஸ் என்றார். ஒரு துண்டுச் சீட்டுக் கூடக் கொடுக்கவில்லை. வக்கீலின் முகத்தை மொத்தமே இரண்டு தடவைதான் பார்த்திருப்பேன்.

அப்புறம்தான் தெரிந்தது, அதாலத்தில் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால் அதன் மேல் அப்பீல் கிடையாது என்று. மூன்று பிள்ளைகளுக்கும் அப்பாவை இழந்ததற்குத் தனித்தனியாகக் கேட்க முடியும் என்று அப்போது யாரும் எனக்குச் சொல்லவில்லை.

எங்களைப் போல ஜீப்பில் போகிறவர்களுக்கு இன்னொன்று. எங்கள் ஜீப்பில் ஆர்.சி. புக்கில் இருந்த சீட்டைப் போல இரண்டு மடங்கு பேர் ஏறியிருந்தார்கள். சீட் கணக்குக்குத்தான் இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பு, அந்தத் தொகையை எல்லோருக்கும் விகிதம் போட்டுப் பிரிப்பார்கள், மீதியை ஓனரிடம்தான் வாங்க வேண்டும் என்றார்கள். ஓனரிடம் அந்த ஒரு ஜீப்தான் இருந்தது.

அண்ணியிடம் சொல்லுங்கள் தம்பி. பாஸ்புக் அவர் இடுப்பை விட்டு நகரக் கூடாது.

கொழிஞ்சைத்தம்பி | ஜனவரி 11, இரவு 7.30

அக்கா, அண்ணியிடம் போனைக் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் எழுந்து போய்ப் பாஸ்புக்கை எடுத்து அரிசிப் பானைக்குள் வைத்துவிட்டு வந்தார். நீங்கள் எழுதினதற்கு நன்றி அக்கா.

கோர்ட்டுத்திண்ணை | ஜனவரி 11, இரவு 8.50

அம்மா, இதைப் படித்துவிட்டு இன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. உங்களுக்கு நடந்தது போல நடப்பதால்தான், 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் நஷ்டஈட்டை நேரடியாக மனுதாரரின் பேங்க் கணக்குக்கே அனுப்பச் சொல்லியிருக்கிறது. ஆனால் வெற்று செக்கில் கையெழுத்து வாங்கிவிட்டால் நேரடியாக வந்தும் பயன் இல்லை.

கேஸ் நம்பர் கிடைத்த அன்றே எழுதி வைத்துக்கொள்ளுங்கள் தம்பி. இங்கே ஓ.பி.(எம்.வி.) என்று தொடங்கும், தமிழ்நாட்டில் எம்.சி.ஓ.பி. ஈகோர்ட்ஸ் ஆப்பில் அதைப் போட்டால் அடுத்த வாய்தா, யார் ஆஜர், என்ன உத்தரவு எல்லாம் நீங்களே பார்க்கலாம். வக்கீல் சரியில்லை என்றால் நடுவில் மாற்றவும் உரிமை உண்டு.

சித்தூர்_மணி | ஜனவரி 12, காலை 10.10

இடையில் ஒரு கேள்வி. இடித்த வண்டி எதுவென்றே தெரியாமல் போய்விட்டால் ஒன்றும் கிடைக்காதா?

கோர்ட்டுத்திண்ணை | ஜனவரி 12, காலை 11.00

கிடைக்கும். இறந்திருந்தால் 2 லட்சம், பலத்த காயத்துக்கு 50,000. தாலுகா அளவில் அதற்கான விசாரணை அதிகாரியிடம் விண்ணப்பிக்க வேண்டும். எஃப்.ஐ.ஆர். இல்லாமல் நடக்காது.

கொழிஞ்சைத்தம்பி | ஜனவரி 12, இரவு 9.00

ஐயா, வருமானத்துக்கு என்ன காட்டுவது? கூலி கையில்தானே வாங்குவார். இன்னொன்று, அண்ணன் அன்றைக்கு ஹெல்மெட் போடவில்லை.

கோர்ட்டுத்திண்ணை | ஜனவரி 12, இரவு 9.40

ஹெல்மெட் போடாதது தப்புதான். ஆனால் காயம் காலில். லாரி ரோடு மாறி வந்ததற்கும் ஹெல்மெட்டுக்கும் சம்பந்தம் இல்லை. இன்சூரன்ஸ் வக்கீல் அதைக் கிளப்புவார், உங்கள் வக்கீல் இதைச் சொல்ல வேண்டும்.

வருமானத்துக்கு ஆதாரம் ஒன்றும் இல்லையென்றால் டிரிபியூனல் ஊகமாக ஒரு தொகை வைக்கும். பெரும்பாலும் அது உண்மைக் கூலியை விடக் குறைவு. ஆனால் கள் இறக்குகிறவருக்கு கேரளாவில் கள்ளுத் தொழிலாளர் நல நிதி வாரியம் இருக்கிறதே. அண்ணன் அதில் பதிவு செய்திருந்தால் கூலியும் பிடித்தமும் அங்கே கணக்கில் இருக்கும். கட்டடக் கூலிக்கும் தோட்டக் கூலிக்கும் கிடைக்காத ஆதாரம் உங்கள் கையில் இருக்கலாம். நாளைக்கே போய்ப் பாருங்கள்.

கொழிஞ்சைத்தம்பி | மார்ச் 6, இரவு 8.15

நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். நல நிதிப் புத்தகம் கிடைத்தது. ஒன்பது வருடக் கணக்கு அதில் இருக்கிறது.

மூன்று வக்கீல்களைப் பார்த்தோம். முதல் ஆள் அண்ணனை உட்காரக் கூடச் சொல்லவில்லை, சர்டிபிகேட் வந்ததும் வா என்றார். இரண்டாவது ஆள் 30 லட்சம் கண்டிப்பாக வாங்கித் தருகிறேன் என்று சத்தியம் செய்தார். அதைக் கேட்டே அண்ணன் பயந்துவிட்டார்.

மூன்றாவது ஒரு அம்மா, பாலக்காட்டில். எங்களோடு தமிழிலேயே பேசினார். எடுத்த எடுப்பில், "ஒரு நாளைக்கு எத்தனை மரம் ஏறுவீங்க?" என்று அண்ணனிடம் கேட்டார். அண்ணன் சொன்னார். எந்தக் காலை முதலில் வைப்பீர்கள், கயிறு எப்படி மாட்டுவீர்கள், பாளையைச் சீவும்போது உடம்பின் எடை எந்தக் காலில் நிற்கும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். பேசப் பேச அண்ணன் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு எழுந்து நின்று காட்டப் போனார். வலது காலை ஊன்றின உடனே முகம் சுருங்கிவிட்டது. அந்த அம்மா எழுதுவதை நிறுத்தினார். "இதையே டிரிபியூனல்ல சொல்லணும். சிகிச்சை குடுத்த டாக்டரும் வந்து சொல்லணும்" என்றார்.

ஃபீஸ் நாலு தவணை, எழுதிக் கொடுத்துவிட்டார். மனுவில் கையெழுத்து வாங்குமுன் முழுவதையும் தமிழில் சொன்னார். வெற்றுத்தாள் ஒன்று கூட நீட்டவில்லை. லாரி ஓனர் ஆளிடம் அண்ணனே போன் செய்து வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

நேற்று மனுப் போட்டாயிற்று. அண்ணன் மரத்தடியில் எடுத்த பழைய போட்டோ ஏதாவது இருந்தால் கொண்டுவரச் சொன்னார்கள். இடுப்பில் கத்தியும் பாளை தட்டுகிற எலும்புமாக அண்ணன் நிற்கிற ஒன்று சின்னவளின் நோட்டுக்குள் இருந்தது. அதைக் கொடுத்துவிட்டோம். பிரதி எடுத்துக்கொண்டு திருப்பித் தர வேண்டும் என்று அவள் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருக்கிறாள்.

கம்பம்மெட்டு_அக்கா | மார்ச் 6, இரவு 8.50

பாஸ்புக் எங்கே இருக்கிறது தம்பி?

கொழிஞ்சைத்தம்பி | மார்ச் 6, இரவு 8.52

அரிசிப் பானையில்தான் அக்கா.